ஓராண்டுப் புளியை ஒரே தடவையில் வாங்குவது எப்படி?

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் விடியற்காலையிலேயே தட்டும் சத்தம் தொடங்கிவிடும். திண்ணையில் கோணியை விரித்து, எதிரில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓடு உடைத்த பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு; கொட்டை தெறித்து ஒருபுறம் விழும், சதை மறுபுறக் கூடைக்குப் போகும். பாலக்கோடு, பென்னாகரம், பாப்பாரப்பட்டி என்று தருமபுரிப் பக்கத்திலும் சரி, கிருஷ்ணகிரியைச் சுற்றிய ஊர்களிலும் சரி, கோடை முற்றும்வரை இதுதான் காட்சி.

வேலை நிமித்தம் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் குடிவந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பங்குனியில் ஒரு விலை சொல்கிறார்கள், ஐப்பசியில் வேறு விலை சொல்கிறார்கள், இடையில் "இந்த வருடம் புளியே கிடையாது" என்று பயமுறுத்துகிறார்கள். எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாக்கெட்டில் மாதம் கால் கிலோ வாங்கிப் பழகியவர்களுக்கு மொத்தமாகப் புளி வாங்குவது மலைப்பாகத் தோன்றும். இரண்டு வருடம் வாங்கிப் பார்த்தால் கை பழகிவிடும்.

முதலில் உங்கள் வீட்டுத் தேவையைக் கணக்கிடுங்கள்

மண்டிக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அங்கே போன பிறகு குவியலைப் பார்த்ததும் ஆசை வந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குக் குழம்புக்கும் ரசத்துக்கும் சேர்த்து எலுமிச்சை அளவு புளி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு நாள் தராசில் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் 25 கிராம் வந்தது. 365 நாளுக்கு 9 கிலோவை ஒட்டி வருகிறது. விருந்தாளி, விசேஷம், புளியோதரை, ஊறுகாய் என்று ஒரு கிலோ கூட்டினால் 10 கிலோ. வாரத்தில் மூன்று நாள் களியும் கீரைக் கடைசலுமாக ஓடுகிற வீட்டில் இதைவிடக் குறையும். மீன் குழம்பு அடிக்கடி வைக்கும் வீட்டில் கூடும்.

இந்த 10 கிலோ கொட்டை எடுத்த புளியின் கணக்கு. கொட்டையோடு வாங்கினால் எடை வேறு, ஓட்டோடு வாங்கினால் எடை முற்றிலும் வேறு. ஓட்டுப் பழத்தில் சதை பாதியை ஒட்டித்தான் தேறும். சில மரங்களில் அதற்கும் கீழே. மீதி முழுக்க ஓடு, நார், கொட்டை. ஆகவே யாராவது விலை சொன்னால் உடனே கேட்க வேண்டியது: ஓட்டுப் புளியா, கொட்டைப் புளியா, கொட்டை எடுத்ததா? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். இரண்டு கடைகளில் இரண்டு விலை கேட்டுவிட்டு, மலிவான கடையில் வாங்கி, வீட்டுக்கு வந்து கொட்டையைப் பொறுக்கிய பிறகுதான் அது மலிவே இல்லை என்று தெரியும்.

எந்த மாதத்தில் போவது

தை பிற்பகுதியிலேயே புதுப்புளி தலைகாட்டும். "புதுசு வந்துவிட்டது" என்றதும் முண்டியடித்து வாங்குபவர்கள் உண்டு. அந்த முதல் வரத்தை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வரத்து குறைவாக இருப்பதால் விலை கூடுதலாக இருக்கும். அதோடு, முந்திச் சந்தைக்கு வரவேண்டும் என்ற அவசரத்தில் உலுக்கிய பழம் முழுதாகக் காய்ந்திருக்காது. ஈரத்துக்கும் சேர்த்து நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அந்த ஈரமே பின்னால் ஜாடியில் பூஞ்சை பிடிக்கக் காரணமாகிறது.

மாசி பிற்பகுதியிலிருந்து பங்குனி முடியும்வரைதான் சரியான காலம். மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் வரத்து சேர்ந்துவிடும், வெயிலும் ஏறியிருக்கும், பழம் கலகலவென்று காய்ந்திருக்கும். காய்ந்த பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் ஓட்டுக்குள் சதை தனியாக அசைவது கேட்கும். ஈரமுள்ள பழம் ஊமையாக இருக்கும். சித்திரை தாண்டினால் நல்ல சரக்கின் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்குக்குப் போய்விடுகிறது. ஆடிக்குப் பிறகு கடையில் நீங்கள் பார்ப்பது அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிற புளி. கிடங்கு வாடகை, ஏற்று இறக்குக் கூலி, முடங்கிக் கிடந்த பணத்துக்கு வட்டி எல்லாம் அதன் விலையில் ஏறியிருக்கும்.

மாசி, பங்குனியில் எதிர்பாராத மழை பெய்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். மழையில் நனைந்த பழம் கறுத்துப் போகும். அப்படிப்பட்ட வருடத்தில் மழைக்கு முன்பே உலுக்கிய சரக்கு எது என்று விசாரித்து, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

விலை எங்கே ஏறுகிறது

இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீரும். புளிய மரம் பெரும்பாலும் தோப்பாக இருப்பதில்லை. வரப்போரம், கிணற்றடி, சாலையோரம், ஏரிக்கரை என்று சிதறி நிற்கும். மரத்துக்காரர் தாமே உலுக்கி விற்பது குறைவு. காய் பிடித்திருக்கும்போதே, மரத்தை அண்ணாந்து பார்த்து, "இத்தனை ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று குத்தகைதாரர் விலை பேசிவிடுவார். நெடுஞ்சாலையோர மரங்களும் ஊராட்சி மரங்களும் ஏலத்துக்குப் போகும். ஆக, பழம் தரைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மழை, காற்று, திருட்டு என எதில் நட்டம் வந்தாலும் அது அவர் தலையில்தான்.

அதற்குப் பிறகு மரம் ஏறுபவரின் கூலி. இது ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டு வருகிறது, கூடவும் வேண்டும். உயரமான கிளையில் நின்று கொம்பால் உலுக்குவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை, இளைஞர்கள் வருவதில்லை. அடுத்து ஓடு உடைப்பது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி வீட்டிலிருந்தே பெண்கள் செய்கிறார்கள். புளிப்பு விரல் நுனியை அரித்து வெடிப்பு விழும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்து, காலையில் மறுபடி உட்காருவார்கள். கொட்டை எடுத்த புளிக்கும் எடுக்காத புளிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பேரம் பேசுவதற்கு முன் அந்த விரல்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

கொட்டையும் வீண் போவதில்லை. அதன் பருப்பை அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. அதனால் கொட்டைக்குத் தனி வியாபாரம் உண்டு. ஓட்டோடு வாங்கி வீட்டில் தட்டுபவர்கள் கொட்டையைக் குப்பையில் கொட்ட வேண்டாம். சேர்த்து வைத்தால் ஊருக்குள் வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. உலர்ந்த புளிக்கு முதலில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, 2019 அக்டோபர் 1 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. உதிரியாக வாங்கும் புளிக்கு வரி சேர்த்துச் சொன்னால் மரியாதையாகக் கேளுங்கள்.

"இந்த வருடம் புளியே இல்லை"

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு பருவமும் போனதில்லை. சில வருடங்களில் அது உண்மை, சில வருடங்களில் வெறும் பேச்சு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

உண்மையான தட்டுப்பாட்டுக்குக் காரணங்கள் உண்டு. புளிய மரம் ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்ந்துவிடும் இயல்புடையது. சாலையை அகலப்படுத்தியபோது இருபுறமும் நிழல் தந்து நின்ற முதிய மரங்கள் நிறையப் போய்விட்டன. கொட்டை போட்டு முளைத்த கன்று காய்ப்புக்கு வர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். பெரியகுளத்தில் தேர்வு செய்த பி.கே.எம். 1 போன்ற ரகத்தின் ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டில் காய்க்கும் என்றாலும், வெட்டிய மரம் தந்த அளவுக்கு அது வளரப் பல காலம் பிடிக்கும். அஞ்செட்டி மலைப்பக்கத்து உரிகம் புளிக்குப் பேர்போன ஊர். நீளமான காய்க்காக அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் அறியப்படுகிறது. அந்தச் சரக்கு எந்த வருடமும் அளவோடுதான் வரும். அதற்குக் கூடுதல் விலை சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, உண்மையில் அங்கிருந்து வந்ததாக இருந்தால்.

ஆனால் நம் ஊரில் காய்ப்பு குறைந்ததாலேயே புளி அற்றுப்போய்விடாது. கர்நாடகத்தில் துமகூரு, ஆந்திரத்தில் இந்துப்பூர், சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியின் ஜக்தல்பூர் ஆகியவை பெரிய புளிச் சந்தைகள். நம் மண்டிகளின் விலை அவற்றையும் பார்த்தே நகர்கிறது. ஆகவே "இல்லை" என்று ஒருவர் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் ஊரில் போன வருடம் எப்படிக் காய்த்தது? துமகூரு, இந்துப்பூர் பக்கம் வரத்து எப்படி? போன வருடம் நிறையக் காய்த்து, இந்த வருடம் வெளியூரிலும் வரத்து குறைவு என்றால் பேச்சில் உண்மை இருக்கிறது, பங்குனிக்குள் வாங்கிவிடுங்கள். வெளியூர் வரத்து நன்றாக இருக்கிறது என்றால் பதற வேண்டாம். பத்து நாள் பொறுக்கலாம்.

அவசரமாகச் சொல்லப்படும் தட்டுப்பாட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பேச்சைக் கேட்டு நான்கு வீட்டார் பத்துக் கிலோவுக்குப் பதில் இருபது கிலோ வாங்கினால், அந்த வாரம் அந்தச் சந்தையில் மெய்யாகவே புளிக்குத் தட்டுப்பாடு வரும். ஐந்தாவது வீட்டுக்கு விலை ஏறும். பெரிய கிடங்குக்காரர் செய்வதை நாமும் சிறிய அளவில் செய்துவிட்டு அவரைக் குறை சொல்கிறோம்.

கையில் எடுத்துப் பாருங்கள்

விலை பேசுவதற்கு முன் சரக்கைத் தொட வேண்டும். குவியலின் மேற்பகுதியை விட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுங்கள். முழங்கை ஆழத்தில் இருப்பதே உண்மையான சரக்கு. விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி, விட்டதும் விரலில் ஒட்டாமல் பிரிய வேண்டும். கையில் பிசுபிசுவென்று ஈரம் தெரிந்தால் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கக்கூடும், அல்லது சரியாகக் காயவில்லை. இரண்டுமே வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். வெயிலில் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் செம்மை தெரியும். கன்னங்கரேலென்று இருந்தால் அது பழையது, அல்லது நனைந்தது. பழைய புளியை வேண்டுமென்றே தேடி வாங்குபவர்களும் உண்டு. வத்தக் குழம்புக்கு அதுதான் என்பார்கள். அப்படியென்றால் பழைய புளி என்று சொல்லியே, அதற்குரிய விலையில் வாங்குங்கள். புதுசு என்ற பெயரில் பழையதை வாங்காதீர்கள்.

ஒரு சிறு துண்டை வாயில் போடுங்கள். புளிப்பு முன்னால் வந்து, பின்னால் மெல்லிய இனிப்பு தங்க வேண்டும். பல்லில் மணல் கடித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். முடிந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மண் படிகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் வழக்கமாகப் போகும் மண்டியில், "அண்ணா, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டாலே, "அக்கா கரைத்துத்தான் பார்ப்பார்கள்" என்று சொல்லி, கேட்பதற்கு முன்பே நல்ல மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள்.

மண்டி, வாரச்சந்தை, தட்டுபவர் வீடு என்று வாங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. மண்டியில் மூட்டைக் கணக்கு. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டால் லாபம். சந்தையில் கிலோக் கணக்கில் கிடைக்கும், ஆனால் எடையைக் கவனிக்க வேண்டும். என் விருப்பம் மூன்றாவது. சொந்த மரத்துப் பழத்தைத் தட்டி விற்கும் வீட்டில் பங்குனித் தொடக்கத்திலேயே சொல்லி வைத்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டால், நார்கூட இல்லாமல் சுத்தமாக எடுத்துத் தருவார்கள். அடுத்த வருடம் நீங்கள் கேட்காமலேயே உங்கள் பங்கு இருக்கும்.

வீட்டில் பத்திரப்படுத்துவது

வாங்கி வந்ததும் நேராக ஜாடியில் அடைக்காதீர்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில், வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவையுங்கள். அப்போது கையால் பிரித்துப் பார்த்து, தப்பிய கொட்டைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் சோம்பல் கூடாது. வண்டு கொட்டைக்குள்தான் இருக்கும். கொட்டை போனால் பெரும்பாலும் வண்டும் போய்விடும்.

பிறகு கல் உப்பு. என் மாமியார் சொல்லிக்கொடுத்த முறை: மண்பானை அல்லது பீங்கான் ஜாடியின் அடியில் ஒரு கைப்பிடி உப்பு, அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்குப் புளி, கையை முஷ்டியாக்கி நன்றாக அமுக்கி, மறுபடி உப்பைத் தூவி, மறுபடி புளி. காற்று இடைவெளி இல்லாமல் அமுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே கடைசியாக ஒரு படலம் உப்பு, வாயில் துணி கட்டி மூடி. அலுமினியம், பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது. புளிப்பு உலோகத்தைத் தின்றுவிடும். உப்புப் போட்ட புளியில் சமைக்கும்போது குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போட வேண்டும் என்பதைப் புது மருமகள்களும் தனியாகச் சமைக்கும் பிள்ளைகளும் மறந்துவிடுகிறார்கள்.

புளி கறுப்பது வெப்பத்தாலும் காற்றாலும். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் ஆவணிக்குள் நிறம் மாறிவிடும். வீட்டில் எது குளிர்ச்சியான மூலையோ அங்கே வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருந்தால் இரண்டு கிலோவை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துப் பாருங்கள். கார்த்திகையிலும் அதே செம்மை இருக்கும். தினப்படிச் செலவுக்கு ஒரு சின்ன ஜாடி தனியாக வைத்துக்கொண்டு, பெரிய ஜாடியை மாதம் ஒருமுறை மட்டும், காய்ந்த கையால் திறக்க வேண்டும்.

கூடுதலாக வாங்கி வைத்து விற்கலாமா?

பங்குனி விலையையும் ஐப்பசி விலையையும் பார்த்தவுடன் இந்த எண்ணம் வராதவர்கள் இல்லை. எங்கள் குடும்பத்திலும் வந்தது. என் அண்ணன் ஒரு வருடம் மூன்று மூட்டை கொட்டைப் புளி வாங்கி, தகரக் கொட்டகையில் அடுக்கினார். கொட்டை எடுக்கும் கூலி மிச்சம், ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஆவணியில் ஒரு நாள் மூட்டையைப் பிரித்தபோது உள்ளிருந்து தவிட்டு நிறப் பொடி கொட்டியது. ஒவ்வொரு கொட்டையிலும் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஒரு துளை. துளைக்கு ஒரு வண்டு. தகரத்தின் சூட்டில் மேல் மூட்டை தார்போல் கறுத்து இறுகியிருந்தது. மூன்றில் ஒன்றைத்தான் சுத்தம் செய்து தேற்ற முடிந்தது. அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினார்.

ஒழுங்காகக் கிடங்கில் வைத்தால்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்குக்காகக் கிலோ 100 ரூபாய் என்று 100 கிலோ வாங்குகிறீர்கள்: 10,000 ரூபாய். ஆறு மாத வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் 600. கடன் வாங்கிய பணத்துக்கு மாதம் ஒன்றரை வட்டி வீதம் 900. மொத்தம் 11,500. காய்ந்து குறைவது 5 கிலோ என்றால் கையில் மிஞ்சுவது 95 கிலோ. கிலோ 121 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும்; அதற்கு மேல் மண்டிக் கமிஷன் வேறு. விலை 20 ரூபாய் ஏறியும் நட்டம். இதற்கிடையில் தை நெருங்கி, அடுத்த பருவம் அமோகம் என்று செய்தி பரவினால் கிடங்கில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சரக்கை இறக்குவார்கள். பெரிய வியாபாரி ஒரு வருடத்து நட்டத்தை அடுத்த வருடத்தில் ஈடுகட்டிக்கொள்வார். சம்பளக்காரருக்கு அது கைக்கு மீறிய காரியம். ஓராண்டுத் தேவை, அதற்கு மேல் இரண்டு கிலோ, அவ்வளவுதான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அடுத்த மாசியில் ஜாடியின் அடியைப் பாருங்கள். பழைய புளி மிச்சம் இருந்தால் அதை மேலே எடுத்து முதலில் செலவழியுங்கள். கறுத்துப் போனதைப் பித்தளைக் குத்துவிளக்கு துலக்க வைத்துக்கொள்ளலாம். ஜாடியைக் கழுவி, வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காயவிடுங்கள். மிஞ்சியதை எடை போட்டு, அந்த அளவைக் குறைத்துக்கொண்டு இந்த வருடத்துக்குச் சொல்லி வையுங்கள்.